பக்கி வண்டியின் முழங்கை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றிலே குதிரை வண்டியின் மேல்மூடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களிற் சிலர் இப்போதே வானொலியின் குமிழைத் திருகிவிடக்கூடும். சற்றுப் பொறுத்தருளுங்கள். இந்தப் பேச்சு ஒரு குடையிலே தொடங்கியது.

கண்டி மாநகரில் ஓர் இந்துக் கல்லூரியிலே உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். கண்டி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயிலோடு வீட்டை விட்டுப் புறப்பட்டவர், வாவிக்கரையைத் தாண்டுவதற்குள் நனைந்துபோவார். அப்படியான ஒரு நாளில், வகுப்பறை மூலையிலே நீர் வடிய வடியச் சாத்தியிருந்த குடைகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "குடை எப்படி விரிகிறது, எப்படி மடங்குகிறது என்பதைப் பத்து வரியில் எழுதுங்கள்" என்றேன்.

எழுதினார்கள். வெண்கொற்றக் குடையை எழுதினார்கள். தாயின் அன்பைக் குடையாக உருவகித்தார்கள். ஒரு மாணவர் குடையை முன்னிறுத்திச் சமூக சமத்துவம் வரை போய்விட்டார். ஆனால் குடைக்காம்பிலே மேலும் கீழும் ஓடும் அந்தக் குழாயை, அதிலிருந்து கிளைக்கும் கம்பிகளை, அந்தக் கம்பி நடுவிலே மூட்டுப் போட்டு மடங்குவதை ஒருவரும் எழுதவில்லை. "பட்டனை அமர்த்தினால் குடை தானாக விரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நேர்மையான விடை அது ஒன்றுதான். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றிரவு வீட்டிலே நானே எழுதிப் பார்த்தேன். நான்காவது வரியிலே திணறினேன். அப்போதுதான் என் அப்பாயி சொன்ன ஒரு சொல் ஞாபகத்துக்கு வந்தது. "நண்டு" என்பாள் அவள். கடல் நண்டோ வயல் நண்டோ அல்ல. பக்கி வண்டியின் நண்டு.

பக்கி வண்டியை நம்மில் பலர் படத்திலேதான் பார்த்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவிலே வழங்கிய கலப்புச் சொற்களையெல்லாம் தொகுத்து, யூல், பேர்னல் என்னும் இருவர் 1886இலே 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற அகராதியை வெளியிட்டார்கள். இவர்களிலே பேர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாய் இருந்தவர். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். பக்கி என்ற சொல் எங்கே பிறந்தது என்பதை அகராதிக்காரர் எவரும் ஐயமற நிறுவியதில்லை. ஆனால் இந்த அகராதி ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது: இந்தியப் பக்கிக்கு மேல்மூடி உண்டு. நம்முடைய வெயிலுக்கும் மழைக்கும் அந்தக் கூரை தேவைப்பட்டிருக்கும். அமெரிக்காவிலோ பக்கி நாலு சில்லு வண்டியாகி, தொழிற்சாலைகளிலே ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டு, குடியானவர் வீட்டு வாசல் வரை போயிற்று. மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரிலே 1886இல் வண்டி வியாபாரத்தைத் தொடங்கிய வில்லியம் டியூரன்ட் என்பவர்தான் பின்னர், 1908இலே, ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கினார். பக்கியிலிருந்து கார் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நம்முடைய ஊருக்கு வருவோம். 1815இலே கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன் பின்னர் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு வெட்டினார்கள். கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து வந்தவர்கள் டோசன் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருவை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக்காக எழுப்பியது அது. 1829இலே அவர் காலமானார். இராசகாரியம் என்ற பெயரிலே கூலியின்றிப் பிடித்துவரப்பட்டு அந்தத் தெருவிலே கல் உடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. 1832இலே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். பேராதனையிலே மகாவலி கங்கைக்குக் குறுக்கே, 205 அடி அகலத்தை ஒரே வளைவிலே தாண்டும் முதிரை மரப் பாலத்தைக் கட்டியதும் அந்தக் காலத்திலேதான். 1905இலே அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள்.

1867இலே புகையிரதம் கண்டிக்கு வந்து சேர்ந்தது. குதிரைக் கோச்சு போய்விட்டது. ஆனால் அதன் பெயர் போகவில்லை. நம்முடைய மலையகத்துத் தாய்மார் இன்றும் புகையிரதத்தைக் "கோச்சி" என்றே சொல்கிறார்கள். சிங்களத்திலும் "கோச்சிய"தான். குதிரை போன பிறகு குதிரை வண்டியின் பெயரைப் புகை வண்டி எடுத்துக்கொண்டது. சொற்கள் இப்படித்தான் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டியில் ஏறுகின்றன.

தபால் கோச்சு நின்றாலும் குதிரையும் பக்கியும் நிற்கவில்லை. கோப்பித் தோட்டத் துரைமாரும், பின்னர் தேயிலைத் தோட்டத் துரைமாரும், வைத்தியர்களும், நியாயதுரந்தரர்களும் பக்கியிலே போய்வந்தார்கள். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இலே எழுதிய சித்திலெவ்வை அவர்கள் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி. அவர் நீதிமன்றத்துக்குப் போய்வந்த காலத்துக் கண்டித் தெருக்களிலே குதிரைக் குளம்பொலியும் வண்டிச் சில்லின் ஒலியும் கேட்டிருக்கும். அவருடைய நாவலோ எகிப்துக்கும் இந்தியாவுக்குமாய்ப் பயணம் போனது.

மடக்கி விரிக்கும் நிழல் என்பது கண்டிச் சீமைக்குப் பக்கி வண்டியோடு வந்த புதினம் என்று எண்ணிவிடாதீர்கள். 1660இலே சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்து, 1679இலே தப்பியோடிய ரொபேர்ட் நொக்ஸ் 1681இலே ஒரு நூல் வெளியிட்டார். குடைப்பனை ஓலையைப் பற்றி அதிலே வியந்து எழுதியிருக்கிறார். ஓர் ஓலையை விரித்தால் பதினைந்து இருபது பேருக்கு மழை மறைக்குமாம். மடித்தால் சீமாட்டியின் விசிறிபோலச் சுருங்கி, ஒரு மனிதனின் கை பருமனுக்கு வந்துவிடுமாம். படைவீரர்கள் அதைக் கூடாரமாகவும் பயன்படுத்தினார்களாம். பேராதனைப் பூங்காவுக்குப் போனால் குடைப்பனையை இன்றும் பார்க்கலாம். அந்த ஓலையின் மடிப்பு பிறவியிலேயே வந்தது. இரும்பு மூட்டு ஒன்றும் தேவையில்லை.

பக்கியின் மேல்மூடிக்கோ மூட்டு வேண்டும். அது எப்படி இருக்கும் என்று சொல்லப் பார்க்கிறேன். என் மாணவர்களுக்குக் கொடுத்த வேலையை நான் செய்யாமல் விடுவது முறையல்ல.

நீராவியிலே வாட்டி வளைத்த மரவில்கள் மூன்றோ நாலோ இருக்கும். ஒவ்வொன்றும் கவிழ்த்த 'ப' போல. அவற்றின் இரு கால்களும் ஆசனத்தின் இரு பக்கத்திலும் ஒரே புள்ளியிலே வந்து பொருந்தும். விசிறியின் ஈர்க்குகள் கைப்பிடியிலே கூடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வில்களின் மேல் தோலை இழுத்துப் போர்த்திருப்பார்கள். வில்களை முன்னே இழுத்தால் கூரை விரியும். பின்னே தள்ளினால் சுருங்கி ஆசனத்தின் முதுகிலே போய்ப் படுக்கும்.

விரித்த கூரை ஏன் விழாமல் நிற்கிறது? அங்கேதான் நமது நண்டு வருகிறது. வண்டியின் இரு பக்கத்திலும், கூரைக்கு வெளிப்புறமாக, இரண்டு இரும்புத் தண்டுகள் நடுவிலே ஓர் அச்சாணியால் பொருத்தப்பட்டிருக்கும். மனிதக் கையின் மேற்கையும் முன்கையும் முழங்கையிலே கூடுவதுபோல. கூரை விரிந்து நிற்கும்போது அந்த இரும்புக் கை நேராக நீண்டிருக்கும். நேராக என்று சொன்னேன். சரியாகச் சொன்னால், நேர்க்கோட்டைக் கடந்து ஒரு நெல்லளவு கீழே இறங்கி, ஒரு தடையிலே போய் உட்கார்ந்திருக்கும். அந்த நெல்லளவிலேதான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. காற்று அடிக்க அடிக்க, கூரை அழுத்த அழுத்த, அது இன்னும் இறுகுமேயன்றி மடங்காது.

இது விளங்கவில்லையென்றால் பாடசாலைக் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்னாலே நிற்கும் நண்பன் முழங்காலை விறைப்பாகப் பின்னுக்குத் தள்ளி நிற்பான். எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்கலாம், தசைக்குச் சிரமமில்லை. பின்னாலிருக்கும் குறும்பன் அந்த முழங்கால் மடிப்பிலே ஒரு சிறு தட்டுத் தட்டினால் போதும், ஆள் மடிந்து விழுவான். நாமெல்லாரும் தட்டியிருக்கிறோம், தட்டும் வாங்கியிருக்கிறோம். பக்கியின் மேல்மூடியும் அதே முழங்காலிலேதான் நிற்கிறது. அதை இறக்க வேண்டுமானால் ஒருவர் வெளியே நின்று, இரு பக்கத்து இரும்பு முழங்கைகளையும் கீழிருந்து மேலே தட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தட்டினால் கூரை முறுகிக்கொள்ளும். தட்டிய கணமே கூரையின் முழுப் பாரமும் விடுபடும். அதைக் கையிலே தாங்கி, மெல்லப் பின்னே படுக்க வைக்க வேண்டும். மடங்கும் இரும்பு, கத்தரிக்கோலின் இரு அலகும் சேர்வதுபோலச் சேரும். நடுவிலே விரல் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூரை மழைக்குத்தானே, அதை ஏன் இறக்க வேண்டும் என்று கேட்பீர்கள். விரிந்த கூரை காற்றுக்குப் பாய் விரித்தது மாதிரி. கணவாயிலே எதிர்க்காற்று அடிக்கும்போது குதிரை வண்டியையும் இழுக்க வேண்டும், காற்றையும் இழுக்க வேண்டும். தவிர, மாலை வெயிலிலே நகரத்துக்குள் நுழையும்போது தன்னைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எந்தக் காலத்து மனிதருக்கும் இருந்திருக்கும்.

வண்டி ஓட்டுபவர் கடிவாள வாரைக் கையிலிருந்து விட முடியாது. எனவே வெளியே நின்று தட்டுவதற்கு இன்னொரு ஆள் தேவை. அந்த ஆள்தான் குதிரைக்காரன். அவர்களிலே ஒருவர் என் பூட்டன். அதாவது, என் அப்பாயியின் தகப்பன்.

தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையிலே நடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டுக் கண்டிச் சீமைக்கு வந்த கூட்டத்தின் பரம்பரை எங்களுடையது. பூட்டன் கண்டிக்குத் தெற்கே ஒரு தோட்டத்திலே துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர். குதிரையைத் தேய்ப்பது, தண்ணீர் காட்டுவது, புல் அறுப்பது, சேணம் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. துரை பக்கியிலே கண்டிக்குப் போகும்போது அவரும் போக வேண்டும். சமதரையிலே வண்டியின் பின்படியிலே தொற்றிக்கொள்ளலாம். ஏற்றம் வந்தால் குதிரைக்குப் பாரம் என்று இறங்கி, பக்கத்திலே ஓட வேண்டும். கண்டியைச் சுற்றி ஏற்றம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை மாலை. பேராதனைப் பக்கமாய்த் திரும்பி வரும் வேளை, மழை விட்டிருந்தது. காற்று பலமாய் இருந்ததாலே மேல்மூடியை இறக்கச் சொல்லியிருக்கிறார் துரை. பூட்டன் இடப்பக்கத்து முழங்கையைத் தட்டிவிட்டு, வலப்பக்கத்துக்கு வந்து கையை வைத்த நேரம் கோச்சி ஊதியது. குதிரை வெருண்டு ஒரு எட்டு முன்னே பாய்ந்தது. கூரை கையை மீறி விழுந்தது. பூட்டனுடைய வலது மோதிர விரலின் நுனி அந்த இரும்பிலே போய்விட்டது. "நண்டு கடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் லயத்துக்கு வந்தாராம். அதன் பிறகு எங்கள் குடும்பத்திலே அந்த இரும்புக்கு நண்டு என்றே பெயர். சிறு பிள்ளையாய் இருந்த அப்பாயி தகப்பனோடு நடந்து போகும்போதெல்லாம் அந்தக் குட்டை விரலைத்தான் பிடித்துக்கொள்வாளாம். அவளுடைய கைக்கு அது அளவாய் இருந்ததாம்.

இந்தக் கதையை நான் சிறுவயதிலே பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்ட நாளிலெல்லாம் அது விரல் போன கதையாகவே எனக்குத் தோன்றியது. அதற்குப் பின்னாலே இருந்த பகுதியை நான் கவனித்ததில்லை.

விரல் போன சில மாதத்திலே துரை அந்த வண்டிக்கு ஒரு புதிய விசை பூட்டுவித்தார். இந்த மாதிரி இணைப்புகள் வெளிநாட்டிலே முன்பே வந்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவிற் பலர், பக்கியின் மேல்மூடியை ஆசனத்திலே இருந்தபடியே இறக்குவதற்கு ஆளுக்கொரு வழி கண்டு காப்புரிமை பெற்றார்கள். அந்த வகையிலே, அப்பாயி சொன்ன விசையின் அமைப்பு இதுதான். ஆசனத்தின் பின்னாலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓர் இரும்புக் கம்பி குறுக்கே போகும். அதன் இரு முனையிலும் சிறு கை ஒன்று முளைத்து, இரும்பு முழங்கையோடு பிணைந்திருக்கும். ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்திலே ஒரு பிடி. பிடியை இழுத்தால் கம்பி திரும்பும். இரு முழங்கையும் ஒரே நேரத்திலே மேலே தட்டப்படும். சுருள்வில் ஒன்று கூரையின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, கூரை மெல்லப் பின்னே சாயும். ஒரு கையிலே கடிவாளம், மறு கையிலே கூரை. கீழே நிற்க ஆள் வேண்டாம். விரலுக்கும் ஆபத்தில்லை.

துரை எங்கோ படத்திலே பார்த்ததைக் கண்டிக் கொல்லர் ஒருவரிடம் சொல்லி அடிப்பித்தாராம். திரும்பும்போது அந்தக் கம்பி கீச்சென்று கத்துமாம். அதற்குத் தேங்காயெண்ணெய் விடுவதும் பூட்டனின் வேலையாயிற்று.

எவ்வளவு நல்ல காரியம் என்று நான் ஒருமுறை அப்பாயியிடம் சொன்னேன். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். அப்பாயிக்கு எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வெற்றிலையை இடித்துக்கொண்டே சொன்னாள்:

"என்ன நல்லது ராசா? முந்தி மூடிய மடக்கணும்னா வண்டிய நிப்பாட்டுவாங்க. அந்தக் கொஞ்ச நேரம் அப்பா மூச்சு வாங்கிக்குவாரு. அது வந்த பொறகு வண்டி நிக்கவே இல்ல. தொரை அவரே மடக்குவாரு, அவரே விரிப்பாரு. அப்பா ஓடிக்கிட்டே இருந்தாரு."

நேயர்களே, நான் பட்டதாரி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவன். ஆண்டுக்கணக்காக இலக்கியத் திறனாய்வு படித்தவன். இதைப்போல ஒரு வரியை நான் எழுதியதில்லை. ஒரு நெம்புகோல் ஒரு விரலைக் காப்பாற்றியது. அதே நெம்புகோல் ஓர் இளைப்பாறலை எடுத்துக்கொண்டது. இதிலே கொல்லரைக் குற்றம் சொல்ல முடியாது. துரை மனதிலே கெட்ட எண்ணம் இருந்தது என்றும் நான் நினைக்கவில்லை. விரல் போனதைக் கண்டு இரங்கித்தான் செய்வித்திருப்பார். வண்டி நிற்கும் அந்த அரை நிமிடத்துக்கு ஒரு பயன் உண்டு என்பது வண்டிக்குள்ளே இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. ஓடியவருக்குத் தெரியும். அவர் சொல்லும் இடத்திலே இல்லை.

சங்கப் புலவர்கள் இந்த விடயத்திலே நம்மை விடக் கூர்மையானவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தேரின் உறுப்புகளுக்கு அவர்களிடம் எத்தனை பெயர்கள்! அச்சு, ஆர், குறடு, சூட்டு, நுகம். தேரிலே நிற்பவர் கையாலே பற்றிக்கொள்ளும் மொட்டு வடிவான உறுப்புக்குக்கூடக் கொடிஞ்சி என்று ஒரு பெயர். சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடன் பரிசாகக் கொடுக்கும் தேரைச் சொல்ல வந்த புலவர், அதைச் செய்த தச்சரின் கைத்தொழிலையும் விட்டுவிடவில்லை. அதற்கும் மேலே ஒன்று உண்டு. அகப்பாடல்களிலே 'தலைவன் தேர்ப்பாகற்கு உரைத்தது' என்று ஒரு துறை இருக்கிறது. போர் முடிந்து வீடு திரும்பும் தலைவன், தன் மனதிலுள்ளதைத் தேரோட்டியிடம் சொல்கிறான். விரைந்து செலுத்து என்கிறான். வேறோர் இடத்திலே, பூவிலிருக்கும் வண்டு அஞ்சும் என்று மணியின் நாவைக் கட்டிய தேரிலே வருகிறான். பாகன் அங்கே வேலையாள்தான். ஆனால் அவன் முன்னிலையிலே இருக்கிறான். அவனை நோக்கிப் பாட்டு இருக்கிறது. பாகனே வாய் திறந்து "எனக்கு மூச்சு வாங்குகிறது" என்று சொல்லும் துறை அங்கேயும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டுக்கு இரங்கிய மரபு அது. குதிரையோடு ஓடியவனுக்கு யாராவது இரங்க வேண்டுமானால் அது நம் காலத்தவரின் பொறுப்பு.

நம்முடைய மலையக இலக்கியத்திலே துரை வருகிறார், கங்காணி வருகிறார், கணக்கப்பிள்ளை வருகிறார். கொழுந்து பறிக்கும் பெண் வருகிறாள், வர வேண்டியவள்தான். சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் நாட்டுப் பாடல்களைத் தொகுத்திராவிட்டால் இவர்களின் குரலிலும் பாதி நமக்குக் கிடைத்திராது. குதிரைக்காரன், அப்புக்காரன், தண்ணீர்க்காரன் ஆகியோர் கதையின் ஓரத்திலே கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் கதை எழுதிப் பார்த்தவன்தான். என்னுடைய கதை ஒன்றிலே வரும் பக்கி வண்டி, ஓட்டுபவரோடு மாத்திரம் ஓடுகிறது. அப்பாயி அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பாள். நல்ல வேளை, அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

மோட்டார்க் கார் வந்ததும் அந்தப் பக்கி வண்டிக்கொட்டிலுக்குள்ளே போய்விட்டது. மடங்கிய மேல்மூடிக்குள்ளே கோழி முட்டையிட்டதை அப்பாயி கண்டிருக்கிறாள். இரும்பு முழங்கையோ மறையவில்லை. குழந்தை வண்டியின் மூடியிலே அது இருக்கிறது. ஆரம்பகாலத்துக் கார்களிலே இருந்தது. மேலைநாடுகளிலே பிரேத ஊர்திகளின் பக்கத்திலே 'எஸ்' எழுத்து வடிவிலே ஒரு பளபளப்பான இரும்பைக் காணலாம். ஜெர்மனியின் லாண்டவ் நகரத்துப் பெயரைக் கொண்ட லாண்டோ என்ற பழைய குதிரை வண்டியின் கூரை மூட்டு அது. இப்போது எதையும் மடக்குவதில்லை, வெறும் அலங்காரம். மனிதனின் கடைசிப் பயணத்திலே மடங்காத முழங்கை ஒன்று கூடவே போகிறது.

சில மாதங்களுக்கு முன்பு கட்டுகஸ்தோட்டையிலே மழைக்கு ஒதுங்கி ஒரு குஷன் கடை வாசலிலே நின்றேன். உள்ளே ஓர் இளைஞர் முச்சக்கர வண்டி ஒன்றுக்கு றெக்சின் மூடி தைத்துக்கொண்டிருந்தார். வளைத்த இரும்புச் சட்டத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"வில்லு, சேர்."

யார் சொல்லித் தந்த பெயர் என்றேன். தொழில் பழக்கிய பெரியவர் அப்படித்தான் சொல்வாராம். மடங்குகிற மூடியைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். பழைய ஜீப் ஒன்றுக்கு ஒருமுறை வேலை செய்தாராம். அதன் பக்கத்து இரும்புக்கு என்ன பெயர்?

"கத்தரி, சேர். கவனமா இல்லாட்டிக் கை போயிரும்."

எங்கள் வீட்டிலே நண்டு, கட்டுகஸ்தோட்டையிலே கத்தரி. இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அதே வகுப்பிலே மீண்டும் ஒரு பயிற்சி கொடுத்தேன். மழைக்குப் பிடிக்கும் எதையாவது எழுதுங்கள். அது எப்படி மடங்குகிறது, யாருடைய கை அதை மடக்குகிறது என்பதையும் எழுதுங்கள் என்றேன். இந்த முறை பலர் வீட்டுக் குடையைக் கழற்றிப் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள். ஒருவர் கம்பியிலே விரலைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸிலே வரும் ஒரு மாணவி குடையைப் பற்றி எழுதவில்லை. தன் தாய்க்குக் குடை பிடிக்க முடியாது, இரண்டு கையாலும் கொழுந்து எடுக்க வேண்டும் என்று தொடங்கி, கொங்காணி மடிக்கும் விதத்தை எழுதியிருந்தார். உரச் சாக்கை எடுத்து அடிமூலை ஒன்றை உள்ளுக்குத் தள்ள வேண்டும். மற்ற மூலை அதற்குள்ளே போய்ப் பொருந்தும்வரை இழுத்துவிட வேண்டும். அப்போது தலைக்கு ஒரு கூம்பும் முதுகுக்கு ஒரு மறைப்பும் வரும். மூலை சரியாய் உட்காரவில்லையென்றால் கழுத்திலே தண்ணீர் இறங்கும். பத்து வரிதான். உவமை ஒன்றும் இல்லை.

அதை வகுப்பிலே வாசிக்கச் சொன்னேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் அந்த மாணவி ஒரு சாக்கைக் கொண்டுவந்து மடித்துக் காட்டினார். ஒவ்வொருவராய் மடித்துப் பார்த்தார்கள். நானும் மடித்துப் பார்த்தேன். முதல் முறை எனக்கு மூலை உட்காரவில்லை. பக்கிக்குப் பக்கத்திலே மழையிலே ஓடியபோது பூட்டன் தலையிலே என்ன போட்டிருந்தார் என்று நான் அப்பாயியிடம் கேட்டதே இல்லை. இரண்டாம் முறை அந்த மாணவி சொல்லித் தந்தபடி மடித்துத் தலையிலே போட்டுக்கொண்டேன்.